ஊதச் சொல்வதற்கு முன்பே போலீஸ் என்னென்ன பார்த்துவிடுகிறார்

கேள்வி இது: "டல்லாஸ் பக்கம் வேலைக்கு வந்து சில மாதம் ஆகிறது. சென்னையில் ராத்திரி பேரிகேட் போட்டு வரிசையாக எல்லாரையும் ஊதச் சொல்வார்கள். இங்கே அப்படி எதுவும் கண்ணில் படவில்லை. பிறகு எதை வைத்துக் குடித்தவரைக் கண்டுபிடிக்கிறார்கள்? காரை நிறுத்தினால் போலீஸ் என்ன பார்ப்பார்?"

டெக்சாஸில் இந்த மாதிரி வழக்குகளை எடுத்து நடத்தும் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போலீஸ் எழுதிய அறிக்கையைப் படிப்பது, அதே சம்பவத்தின் கேமரா பதிவைப் போட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, இதுதான் பெரும்பாலும் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆனால் இது பொதுத் தகவல்தான். யாருக்காவது உண்மையிலேயே வழக்கு இருந்தால் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

முதலில் பேரிகேட் விஷயம். அமெரிக்காவில் எந்தக் காரணமும் இல்லாமல் ஓடும் வண்டியை நிறுத்தி "லைசென்ஸைக் காட்டு" என்று போலீஸ் கேட்க முடியாது. 1979-இல் டெலவேர் எதிர் ப்ரௌஸ் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. 1990-இல் மிச்சிகனிலிருந்து வந்த சிட்ஸ் வழக்கில், ஒழுங்குமுறையோடு எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்க்கும் சோதனைச் சாவடி மட்டும் செல்லும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த வழக்கு மிச்சிகனுக்கே திரும்பிப் போனபோது, "எங்கள் மாநில அரசியல் சாசனப்படி இது செல்லாது" என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1993-இல் சொல்லிவிட்டது. இன்றைக்கும் மிச்சிகன், வாஷிங்டன், ஓரிகன் போன்ற மாநிலங்களில் இந்தச் சாவடி கிடையாது. டெக்சாஸிலும் கிடையாது. கலிஃபோர்னியாவில் உண்டு. நீங்கள் பேரிகேட் பார்க்காததற்குக் காரணம் அவ்வளவுதான்.

சாவடி இல்லாத ஊரில் போலீஸுக்கு உங்களை நிறுத்த ஒரு காரணம் வேண்டும். இங்கேதான் நம்மாட்கள் பலர் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்: "தாறுமாறாக ஓட்டினால்தானே நிறுத்துவார்கள், நான் ஒழுங்காக ஓட்டுவேன்." காரணம் குடியோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நம்பர் பிளேட்டுக்கு மேலே உள்ள சின்ன விளக்கு எரியவில்லை, லேன் மாறும்போது இண்டிகேட்டர் போடவில்லை, வண்டியின் பதிவு காலாவதியாகிவிட்டது, இதில் ஏதாவது ஒன்று போதும். போக்குவரத்து விதிமீறல் ஒன்று உண்மையிலேயே நடந்திருந்தால், போலீஸ் மனதுக்குள் வேறு சந்தேகம் வைத்துக்கொண்டு நிறுத்தினாலும் அது செல்லும் என்று 1996-இல் ரென் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராத்திரி 2 மணிக்கு பார் மூடும் நேரத்தில், அந்தத் தெரு முனையில் நிற்கும் போலீஸ்காரர் நம்பர் பிளேட் விளக்கைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்காதீர்கள். இன்னொரு ஓட்டுநர் 911 என்ற அவசர எண்ணுக்குக் கூப்பிட்டுப் பெயர் சொல்லாமல், "இந்த நம்பர் வண்டி என்னை ரோட்டை விட்டே தள்ளிவிட்டது" என்று புகார் கொடுத்தாலும் நிறுத்தலாம். அது 2014-இல் வந்த நவரெத்தே தீர்ப்பு.

சரி, இனி அவர் பார்ப்பது என்ன என்பதற்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற மத்திய அமைப்பு தயாரித்த பயிற்சி முறையில்தான் நாடு முழுக்கப் போலீஸுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதில் வேலையை மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, ஜன்னலில் முகம் பார்க்கும்போது, கைதுக்கு முன் வெளியே நிறுத்திச் சோதிக்கும்போது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நிறுத்தலாமா? காரை விட்டு இறக்கலாமா? கைது செய்யலாமா? ஊதுகிற கருவி வருவதற்குள் இந்த மூன்றுக்கும் அவர் பெரும்பாலும் பதில் எழுதி முடித்திருப்பார்.

முதல் கட்டத்துக்கு 24 அடையாளங்கள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. 1990-களில் ஆராய்ச்சி செய்து, எந்த மாதிரி ஓட்டினால் குடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்துத் தொகுத்தது. லேனுக்குள் நேராகப் போகாமல் அலைவது, கோட்டின் மேலேயே ஏறிப் போவது, திருப்பத்தில் தேவைக்கு மேல் அகலமாக வளைப்பது, சிக்னலில் கோட்டுக்கு ரொம்ப முன்னால் அல்லது ரொம்பப் பின்னால் நிறுத்துவது, பச்சை விழுந்தும் கிளம்பாமல் இருப்பது, இருட்டில் ஹெட்லைட் போடாமல் போவது, இடது இண்டிகேட்டர் போட்டுவிட்டு வலது பக்கம் திரும்புவது என்று போகும். ஹெட்லைட்தான் சுலபமாக மாட்டவைக்கும் சமாச்சாரம். வெளிச்சமான பார்க்கிங்கிலிருந்து கிளம்பும்போது விளக்கு இல்லை என்பதே தெரியாது.

இந்தப் பட்டியலில் வேகமாக ஓட்டுவது இல்லை. மெதுவாக ஓட்டுவது இருக்கிறது. வேக எல்லையைவிட மணிக்கு 10 மைலுக்கும் மேல் குறைவாகப் போனால் அது ஒரு அடையாளம். வேகத்துக்காக உங்களை நிறுத்தலாம், அபராதம் போடலாம். ஆனால் வேகமாகப் போனார், அதனால் குடித்திருப்பார் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. "போதையில் இருக்கிறோம், ஜாக்கிரதையாக உருட்டிக்கொண்டு போவோம்" என்று நினைப்பவர்தான் அந்த 24-இல் வந்து விழுகிறார்.

பின்னால் சிவப்பு நீல விளக்கு எரிந்த பிறகு நீங்கள் எப்படி நிறுத்துகிறீர்கள் என்பதும் இதே கட்டத்தில் சேர்த்தி. உடனே கவனித்தீர்களா, வெகுதூரம் போனீர்களா, சடாரென்று பிரேக் போட்டீர்களா, நடைபாதை ஓரத்தில் டயரை இடித்தீர்களா, எல்லாம் குறிப்பில் ஏறும். பெரும்பாலான போலீஸ் கார்களில் கேமரா உண்டு, விளக்கைப் போட்டதும் பதிவு தானாகவே தொடங்கிவிடும். அதற்கு முந்தைய கொஞ்ச நேரமும் சேர்ந்து பதிவாகும் வகையில்தான் பல கேமராக்கள் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஊர்ப்பழக்கம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம்மூரில் போலீஸ் கை காட்டினால் இறங்கி, வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, "சார்..." என்று அவரிடம் நடந்து போவதுதான் மரியாதை. இங்கே கதவைத் திறந்து இறங்கினால் அவர் அதை ஆபத்தாகப் பார்ப்பார். உட்கார்ந்தே இருங்கள், உள் விளக்கைப் போடுங்கள், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியட்டும். குனிந்து பையில் எதையோ தேடுவது அதைவிட மோசம். "பார்த்துச் செய்யுங்க சார்" என்ற பேச்சு மறந்தும் வேண்டாம். அது தனி வழக்காகிவிடும்.

இரண்டாம் கட்டம் ஜன்னல். அவர் குனிந்ததும் மூக்கு, கண், காது மூன்றையும் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார். மது வாடை, உள்ளே கிடக்கும் கேன், கையில் பார் வாசலில் குத்திய முத்திரை, சட்டையில் சிந்திய கறை, குழறும் பேச்சு. இதெல்லாம் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். பலருக்குத் தெரியாதது, அவர் கேட்கும் கேள்விகளே ஒரு சோதனை என்பது.

லைசென்ஸையும் இன்ஷூரன்ஸ் அட்டையையும் ஒன்றாகக் கேட்பார். நீங்கள் பர்ஸில் தேடிக்கொண்டிருக்கும்போதே, "எங்கிருந்து வர்றீங்க? இப்போ மணி என்ன இருக்கும்?" என்று இடையில் ஒரு கேள்வி போடுவார். வழியில் பேச்சுக் கொடுக்கிறார் என்று தோன்றும். அது பயிற்சிக் கையேட்டிலேயே உள்ள உத்தி. ஒரு வேலை நடுவில் இன்னொன்று வந்தால் இரண்டையும் சமாளிக்கிறீர்களா என்று பார்க்கிறார். லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இன்ஷூரன்ஸை மறந்துவிடுகிறவர் உண்டு. கையில் இருக்கும் லைசென்ஸைத் தாண்டித் தாண்டி கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் புரட்டுகிறவர் உண்டு. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தேடுவதையே நிறுத்திவிடுகிறவரும் உண்டு. கார் ஓட்டுவதே பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதுதான் என்பதால், மொத்தப் பயிற்சியும் இந்த ஒரு கருத்தின் மேல் கட்டப்பட்டது: மது முதலில் கெடுப்பது ஒரே நேரத்தில் பல வேலைகளில் கவனம் வைக்கும் திறனை. இதற்குப் பிறகு வரும் எல்லாச் சோதனையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று புரியும்.

சிலர் உட்கார்ந்த இடத்திலேயே சின்னச் சோதனை வைப்பார்கள். ஆங்கில எழுத்துகளை 'ஈ'-யில் தொடங்கி 'பி'-யில் நிறுத்தச் சொல்வது, 68-இலிருந்து 53 வரை பின்னோக்கி எண்ணச் சொல்வது. தொடங்கும் இடமும் நிறுத்தும் இடமும் வேண்டுமென்றே வசதியில்லாமல் வைக்கப்பட்டவை. தெளிவாக இருப்பவரே 53-இல் நிறுத்த மறந்து 50-க்குப் போய்விடுவார். தாய்மொழியில் எண்ணி வளர்ந்தவர்களுக்கு இது கூடுதல் சிரமம். ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்றால் அதை அங்கேயே, கேமராவில் பதிவாகும்படி சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏறக்குறைய எல்லா அறிக்கையிலும் "கண்கள் சிவந்திருந்தன" என்ற வாசகம் இருக்கும். மனப்பாடம் செய்துவிட்டு எழுதுவார்களோ என்று எனக்குத் தோன்றும். நிறுத்திய பிறகு பார்க்க வேண்டியவை என்று அதே ஆராய்ச்சி தந்த 10 அடையாளங்களில் சிவந்த கண் இல்லை. இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் ஒவ்வாமை உள்ளவருக்கும் கண் சிவக்கும் என்பதால் அதை விட்டுவிட்டார்கள். அந்தப் பத்தில் இருப்பவை இறங்கும்போது தடுமாறுவது, காரைப் பிடித்துக்கொண்டு நிற்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது, பதிலை மாற்றுவது, வாடை போன்றவை.

அடுத்து அந்தப் புகழ்பெற்ற கேள்வி: "இன்று ராத்திரி எவ்வளவு குடித்தீர்கள்?" பதில் எப்போதும் ஒன்றுதான். "ரெண்டே ரெண்டு பீர்." ஐந்து குடித்தவரும் அதைத்தான் சொல்வார், உண்மையிலேயே இரண்டு குடித்தவரும் அதைத்தான் சொல்வார். போலீஸ் அதை நம்புவதில்லை. ஆனால் "குடித்ததாக ஒப்புக்கொண்டார்" என்று எழுதிக்கொள்வார். சட்டப்படி உங்கள் பெயர், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். எங்கே குடித்தீர்கள், எவ்வளவு என்பதற்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை, மரியாதையாக மறுக்கலாம். பொய் சொல்வது வேறு, சொல்லாமல் இருப்பது வேறு. சினிமாவில் வருவது போல "உங்களுக்கு மௌனமாக இருக்க உரிமை உண்டு" என்று அவர் படித்துக் காட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். சாலையோரக் கேள்விகளுக்கு அது தேவையில்லை என்று 1984-இல் பெர்க்கமர் வழக்கிலேயே முடிந்துவிட்டது. அது கைதுக்குப் பிறகு விசாரிப்பதற்கானது.

"இறங்குங்கள்" என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். முறையாக நிறுத்தப்பட்ட வண்டியின் ஓட்டுநரை இறங்கச் சொல்லப் போலீஸுக்கு உரிமை உண்டு என்பது 1977-இன் மிம்ஸ் தீர்ப்பு. இறங்குவதையும் பார்ப்பார். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் எழுந்திருக்கப் பார்ப்பவர்கள், கியரைப் பார்க்கிங்கில் போடாமல் காலை எடுத்து வண்டியை உருள விடுபவர்கள், கதவைப் பிடித்தபடியே நிற்பவர்கள். அறிக்கையில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு.

இனி மூன்றாம் கட்டம். நடக்கவிட்டுப் பார்ப்பது, ஒற்றைக் காலில் நிற்க வைப்பது என்று நீங்கள் வீடியோக்களில் பார்த்திருக்கலாம். இது அவரவர் இஷ்டத்துக்குச் செய்யும் வித்தை என்று நினைத்தால் தப்பு. 1970-களில் தென் கலிஃபோர்னியாவின் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் மார்செலின் பர்ன்ஸ், ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ் இருவரும் மத்திய அரசுக்காக ஆராய்ந்து, அதுவரை போலீஸ் ஆளுக்கொரு விதமாகச் செய்துகொண்டிருந்த பல சோதனைகளிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1977-இல் முதல் அறிக்கை, 1981-இல் இரண்டாவது. மூக்கைத் தொடச் சொல்வது, காசைப் பொறுக்கச் சொல்வது போன்றவை அந்த மூன்றில் இல்லை.

முதலாவது கண். ஒரு பேனாவையோ சின்ன விளக்கையோ உங்கள் மூக்குக்கு 12 முதல் 15 அங்குலம் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்று மேலே பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொல்வார். பலரும் நினைப்பதுபோல, சரியாகப் பின்தொடர்கிறீர்களா என்பது மட்டும் இல்லை இதில். கண்மணி தன்னிச்சையாகத் துடிக்கிறதா என்று பார்க்கிறார். நிஸ்டாக்மஸ் என்பார்கள். ஒவ்வொரு கண்ணிலும் மூன்று விஷயம்: பொருள் நகரும்போது கண் வழுக்கிக்கொண்டு போகாமல் விட்டு விட்டு நகர்கிறதா, ஓரத்துக்குக் கொண்டுபோய்க் குறைந்தது 4 விநாடி நிறுத்தும்போது தெளிவாகத் துடிக்கிறதா, 45 டிகிரி கோணத்துக்கு முன்பே துடிப்பு தொடங்கிவிடுகிறதா. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து மொத்தம் ஆறு. நான்கு தென்பட்டால் அவர் கணக்கில் தோல்வி.

மூன்றில் இதுதான் நம்பத்தக்கது என்பது ஆராய்ச்சி சொல்வது. பயிற்சியால் இதை மாற்ற முடியாது. நன்றாகக் குடித்துப் பழகி, எவ்வளவு போட்டாலும் நேராக நடப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கும் கண் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வழக்கு என்று வரும்போது இதே சோதனைதான் பலவீனமும்கூட; ஏனென்றால் நடப்பதும் நிற்பதும் வீடியோவில் தெரியும், கண் துடிப்பது பெரும்பாலும் தெரியாது. போலீஸ் சொல்வதை ஜூரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். கையேடு சொன்ன நேரத்தை அவர் கடைப்பிடித்தாரா என்று பதிவில் விநாடி எண்ணிப் பார்க்கலாம். நான்கு விநாடி நிறுத்த வேண்டிய இடத்தில் ஒன்றரை விநாடியில் பேனாவை எடுத்தவர்களை நிறையவே பார்க்கலாம். டெக்சாஸில் 1994-இன் எமர்சன் தீர்ப்பின்படி இந்தச் சோதனையைச் சாட்சியமாக வைக்கலாம், ஆனால் இதை வைத்து ரத்தத்தில் இத்தனை மது இருந்தது என்று எண் சொல்லக் கூடாது.

இரண்டாவது, நடந்து திரும்புவது. ஒரு கோட்டின் மேல் குதிகாலை விரல் நுனியோடு ஒட்டி ஒட்டி ஒன்பது அடி, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பி, மறுபடி ஒன்பது அடி. அடியைச் சத்தமாக எண்ண வேண்டும், காலையே பார்க்க வேண்டும், கையைத் தூக்கக் கூடாது. எட்டு தவறுகளுக்குப் பட்டியல் உண்டு. இரண்டு வந்தால் போதும். இதில் முதல் இரண்டு தவறுகள் நடக்கத் தொடங்கும் முன்பே வந்துவிடும். ஒரு காலுக்கு முன் இன்னொரு காலை வைத்து அசையாமல் நின்றுகொண்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்போது நிலை தவறினால் ஒன்று. "நடங்கள்" என்று சொல்லும் முன் கிளம்பிவிட்டால் இன்னொன்று. பதற்றத்தில் "ஓகே ஓகே புரிஞ்சுது" என்று நம்மாட்கள் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவுதான், சோதனை தொடங்கும் முன்பே ஒன்று போயிற்று. குதிகாலுக்கும் விரலுக்கும் நடுவே அரை அங்குலம் இடைவெளி, கை உடலை விட்டு ஆறு அங்குலம் விலகுவது, ஒன்பதுக்குப் பதில் பத்து அடி, சொன்னபடி திரும்பாதது, எல்லாம் கணக்கு.

மூன்றாவது, ஒற்றைக் கால். விருப்பமான ஒரு காலைத் தரையிலிருந்து ஆறு அங்குலம் தூக்கி, "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கடிகாரத்தில் 30 விநாடி. ஆடுவது, கையால் சமாளிப்பது, குதிப்பது, காலைக் கீழே வைப்பது. நான்கில் இரண்டு வந்தால் தோல்வி. 25 விநாடி வரை சமாளித்துவிட்டுக் கடைசியில் தடுமாறுகிறவர்கள் உண்டு; 30 என்பது அதனால்தான். நீங்கள் எண்ணும் வேகத்தையும் கவனிக்கிறார். 30 விநாடியில் நீங்கள் 15 வரைதான் எண்ணியிருந்தால் அதையும் எழுதுவார்.

இவை எவ்வளவு நம்பகமானவை? 1981 ஆய்வில் ரத்தத்தில் மது 0.10 (100 மில்லி ரத்தத்தில் 0.10 கிராம்) என்ற அளவுக்கு மேல் உள்ளவரைச் சரியாகப் பிரித்தது கண் 77 சதவீதம், நடை 68, ஒற்றைக் கால் 65. 1998-இல் சான் டியேகோவில் 0.08 அளவுக்குச் சோதித்தபோது 88, 79, 83. மூன்றையும் சேர்த்துப் பார்த்த போலீஸின் முடிவு 91 சதவீதம் சரி. நல்ல எண்கள்தான். ஆனால் அதில் சோதிக்கப்பட்டவர்கள் போலீஸ் ஏற்கெனவே சந்தேகப்பட்டு நிறுத்தியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே குடித்தவர்கள். அந்தக் கூட்டத்தில் "குடித்திருக்கிறார்" என்று சொல்வது அவ்வளவு கஷ்டமில்லை. சட்டம் சொல்லும் மது அளவுக்குப் பக்கத்தில் நிற்பவரிடம்தான் தடுமாற்றம். சில பேருக்கு இது கடினம் என்று கையேடே சொல்கிறது: 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், முதுகு, கால், உள்காது கோளாறு உள்ளவர்கள், இருக்க வேண்டிய எடையைவிட 50 பவுண்டுக்கு மேல் கூடியவர்கள் ஒற்றைக் காலில் நிற்கச் சிரமப்படுவார்கள், இரண்டு அங்குலத்துக்கு மேல் குதி உயர்ந்த செருப்பைக் கழற்ற வாய்ப்புக் கொடுக்க வேண்டும். முட்டியில் வலி இருந்தால் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. பதினெட்டு அடியில் பதினாறு சரியாக வைத்தீர்கள் என்று எந்த அறிக்கையும் எழுதாது. தவறை மட்டும் எண்ணும் முறை இது. அதனால்தான் வீடியோவை முழுதாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அறிக்கையில் "நடையில் நான்கு தவறு" என்று இருக்கும். திரையில் பார்த்தால் ஹைவே ஓரம், லாரி போகும் காற்று, சரிவான தரை, கண்ணில் அடிக்கும் விளக்கு, கோடே இல்லாத இடத்தில் "ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்ற வசனம். மறுபக்கமும் உண்டு. "நான் நன்றாகத்தான் செய்தேன்" என்று சத்தியம் செய்தவர் திரையில் மூன்றாம் அடியிலேயே பக்கவாட்டில் போய்விடுவார். தன் நடை எப்படி இருந்தது என்று குடித்தவருக்குத் தெரியாது.

இந்த மூன்று சோதனைக்கும் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. மறுத்தால் அதற்காக லைசென்ஸ் போகாது. ஆனால் மறுத்தார் என்பதை நீதிமன்றத்தில் சொல்வார்கள், மறுத்த இடத்திலேயே கைதும் நடக்கலாம். கையில் அடங்கும் சின்ன ஊதும் கருவியும் இந்த நேரத்தில் வரலாம். அது கைது செய்யலாமா என்று அவர் முடிவெடுக்க உதவுவது. வழக்கில் எண்ணாக நிற்பது பெரும்பாலும் ஸ்டேஷனில் உள்ள பெரிய கருவி அல்லது ரத்தம்.

கைதுக்குப் பிறகு கணக்கு மாறுகிறது. இங்கே வண்டி ஓட்டுவதாலேயே, கைதானால் மூச்சு அல்லது ரத்தம் தரச் சம்மதித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மறுக்கலாம், முதல் முறை மறுத்தால் டெக்சாஸில் 180 நாள் லைசென்ஸ் முடக்கம். கொடுத்து 0.08 அல்லது மேலே வந்தால் 90 நாள். "அப்போ மறுத்துவிட்டால் ஆதாரம் இருக்காதே" என்று கேட்பவர்களுக்கு: போலீஸ் நீதிபதியிடம் வாரன்ட் வாங்கி ரத்தம் எடுத்துவிடுவார். பண்டிகை வாரக் கடைசிகளில் அதற்கென்றே நீதிபதிகளைத் தயாராக வைத்திருக்கும் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இங்கே பல. வாரன்ட் வந்த பிறகு உங்கள் சம்மதம் தேவையில்லை. ரத்தத்துக்குப் பொதுவாக வாரன்ட் வேண்டும் என்பதை 2013-இன் மெக்னீலி தீர்ப்பும், மூச்சுக்கு வேண்டாம் ரத்தத்துக்கு வேண்டும் என்ற வேறுபாட்டை 2016-இன் பர்ச்ஃபீல்ட் தீர்ப்பும் நிலைநிறுத்தின.

ஸ்டேஷனில் ஊதும் முன் 15 நிமிடம் காத்திருக்க வைப்பார்கள். வாயில் தங்கியிருக்கும் மது கலையட்டும் என்பதற்காக. கருவி பார்ப்பது நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை. அதனால் ஏலக்காய், புதினா மிட்டாய், மவுத்வாஷ் எதுவும் எண்ணைக் குறைக்காது. மவுத்வாஷில் சாராயம் இருப்பதால் உடனே ஊதினால் கூடத்தான் காட்டும். ஜன்னலில் குனிந்ததும் காரெல்லாம் புதினா வாசம் அடித்தால், அதையும் அவர் ஒரு குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்.

எண் பற்றிக் கொஞ்சம். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் எல்லை. இங்குள்ள கணக்கில் அது 0.03. அமெரிக்காவில் பெரும்பாலும் 0.08, யூட்டா மட்டும் 2018 டிசம்பர் 30 முதல் 0.05. "அட, இங்கே இரண்டரை மடங்கு தாராளம்" என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். டெக்சாஸ் சட்டத்தை முழுதாகப் படித்தால் அந்தச் சந்தோஷம் இருக்காது. 0.08 என்பது ஒரு வழி. மதுவால் உடலோ மனமோ வழக்கமான இயக்கத்தை இழந்திருந்தால் அதுவும் குற்றம், எண் எவ்வளவாக இருந்தாலும் சரி. மேலே சொன்ன நடை, நிலை, பேச்சு, வீடியோ எல்லாம் இந்த இரண்டாம் வழிக்கான சாட்சியம். அதனால்தான் 0.07 வந்தும் வழக்கு நடக்கிறது. மருந்துக்கும் இதே கதை. மருத்துவர் எழுதிக் கொடுத்த தூக்க மருந்து என்பது தப்பிக்கும் காரணம் ஆகாது.

அளவிலும் ஒரு குழப்பம். இங்கே "ஒரு டிரிங்க்" என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால்: 5 சதவீதம் உள்ள 355 மில்லி பீர், அல்லது சுமார் 45 மில்லி விஸ்கி. நம்மூர் லார்ஜ் 60 மில்லி. வீட்டு விருந்தில் கையளவாக ஊற்றுவதை அளக்கவே வேண்டாம். பாரில் வரும் பெரிய கிளாஸ் கிராஃப்ட் பீரில் 7, 8 சதவீதம் இருந்தால் அந்த "ரெண்டே ரெண்டு" என்பது மூன்று நான்காகிவிடும். உடல் அதைக் கழிக்கும் வேகம் பலருக்கும் மணிக்கு ஏறத்தாழ 0.015தான். காபி, குளிர்ந்த தண்ணீர், எலுமிச்சை எதுவும் அதை வேகப்படுத்தாது. ராத்திரி 1 மணிக்கு 0.15-இல் தூங்கியவர் காலை 6 மணிக்கு ஆபீஸுக்குக் கிளம்பும்போதும் 0.07 சுமாருக்கு இருக்கலாம்.

முதல் முறைக் குற்றம் டெக்சாஸில் கிளாஸ் பி என்ற சிறுகுற்ற வகை: குறைந்தது 72 மணி நேரம், அதிகபட்சம் 180 நாள் சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 0.15 அல்லது அதற்கு மேல் போனால் ஒரு படி மேலே. பின் சீட்டில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் முதல் முறையே பெருங்குற்றம். வீட்டு விருந்து முடிந்து குடும்பத்தோடு திரும்புபவர்கள் இந்தக் கடைசி வரியை யோசிப்பதே இல்லை.

நீங்கள் வேலைக்கு வந்ததாகச் சொன்னதால் விசா பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவர் குடித்து ஓட்டியதற்காகக் கைதானாலே, தண்டனை எதுவும் வரும் முன்பே, பாஸ்போர்ட்டில் உள்ள விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். 2015 முதல் அந்த நடைமுறை இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் வரும். இங்கே தங்கி வேலை பார்க்கும் உரிமை அதனாலேயே போய்விடாது. ஆனால் ஊருக்குப் போனால் திரும்பி வர மறுபடி ஸ்டாம்பிங், அதற்கு முன் அவர்கள் காட்டும் மருத்துவரிடம் பரிசோதனை. வழக்கு தள்ளுபடியான பிறகும் இந்தச் சுற்று உண்டு. அதனால் இப்படி மாட்டியவர் கிரிமினல் வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வேண்டும், அதற்குள் விமான டிக்கெட் எதுவும் போடக் கூடாது. லைசென்ஸ் முடக்கத்தை எதிர்த்து விசாரணை கேட்க நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள்தான் அவகாசம். கேட்கவில்லை என்றால் 40-ஆம் நாள் அது தானாகவே அமலுக்கு வந்துவிடும்.